ஐந்து விரல் உள்ள அக்கா

பிளெஸ்ஸிக்கு ஏழு வயதிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை வேலை நாளாகிவிட்டது. சித்தூரில் அவர்கள் குடும்பம் போகும் தேவாலயத்தில், முதல் வரிசைக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு, போதகருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். எதிரே நைனா தனராஜும் அம்மா ஜெபமணியும். இரண்டு பேருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. போதகர் பேசுவதைக் காதில் வாங்கி, அதைக் கையால் அவர்களுக்குச் சொல்வது அவள் பொறுப்பு. ‘பாவமன்னிப்பு’ என்ற சொல்லுக்கு அவளுக்குச் சைகை தெரியவில்லை. சிலேட்டில் எழுதியதை அழிப்பதுபோலக் காட்டினாள். அந்த வீட்டில் இன்றுவரை அதுதான் பாவமன்னிப்பு.

பேங்க், ரேஷன் கடை, கரண்ட் ஆபீஸ் என்று எங்கே போனாலும் அவள்தான் பேச வேண்டும். பதினொரு வயதில், அம்மாவின் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் அவளிடம்தான் சொன்னார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. பிளெஸ்ஸி அம்மாவைப் பார்த்துக் கையால் சொன்னாள். அம்மா திருப்பிக் கேட்ட இரண்டு கேள்விகளை டாக்டரிடம் கேட்டாள். பதிலை மறுபடி அம்மாவிடம் கொண்டு வந்தாள். வெளியே வந்து மூன்று பேரும் டீ குடித்தார்கள். அம்மா அழுதாள், நைனா அழுதார். பிளெஸ்ஸிக்கு மட்டும் அன்று முழுக்க அழுகை வரவில்லை. தான் சொல்லிவிட்ட செய்தி இன்னும் கையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது போலிருந்தது.

அதனால்தான் மல்டிமீடியா டிப்ளமோ முடித்து, இருபத்திமூன்று வயதில் திருப்பதியில் அனிமேஷன் வேலை கிடைத்தபோது, சம்பளத்தை விடவும் பெரிதாக ஒன்று அவளுக்குக் கிடைத்தது. அந்த ஊரில் யாருக்காகவும் அவள் பேச வேண்டியதில்லை. திருச்சானூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கினாள். காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து வேலைக்குப் போனாள். பெற்றோரைப் பற்றி ஆபீஸில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எட்டு வருஷம் அப்படியே போயிற்று.

ஆபீஸ் என்பது ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு மாடி, பன்னிரண்டு பேர். பள்ளிப் பிள்ளைகள் டேப்லெட்டில் பார்க்கும் கணக்குப் பாடங்களைத் தயாரித்தார்கள். எல்லாப் பாடத்திலும் மின்னு என்று ஓர் அணில் வரும். தெலுங்கில் பேசும், குதிக்கும், வாலை ஆட்டும், விடை சரியாக இருந்தால் கை தட்டும். முதலாளி ஹரிபிரசாத் தன் கையாலேயே வரைந்த அணில் அது. அவருடைய விசிட்டிங் கார்டில் அவர் படம் கிடையாது, மின்னுவின் படம்தான் இருக்கும்.

2023 ஜூன் மாதம், இந்தப் பாடங்களைப் பள்ளிகளுக்கு வாங்கிக் கொடுக்கும் ஒரு டிரஸ்ட், காது கேளாத பிள்ளைகளுக்கும் அதே பாடங்கள் வேண்டும் என்று கேட்டது. ஹரிபிரசாத்துக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

“சவுண்டை எடுத்துட்டு, மின்னுவையே சைகை பண்ண வெச்சிடலாம். அதுக்குத்தான் கை இருக்குதே,” என்றார்.

பிளெஸ்ஸி இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர் இணையத்தில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து மின்னுவின் கையை அசைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவள் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் டீக்குப் போகும் வழியில் கண் அந்தப் பக்கம் போய்விட்டது. மின்னு, ‘மாம்பழம் எத்தனை?’ என்று கேட்க முயன்றுகொண்டிருந்தது. கேள்வி கேட்கும் முகமே இல்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, ‘மாம்பழம் நிறைய’ என்று சொல்வதுபோல இருந்தது. பிளெஸ்ஸி டீக்குப் போகாமல் நேராக முதலாளியின் அறைக்குப் போனாள்.

“சார், மின்னு பேசல.”

“என்ன பேசல?”

“கையை ஆட்டுது, அவ்ளோதான். எங்க நைனாவுக்கும் அம்மாவுக்கும் காது கேக்காது சார். நான் மொதல்ல பேசக் கத்துக்கினதே கையாலதான்.”

ஹரிபிரசாத் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இன்னாள்ளு செப்பலேதே,” என்றார் தெலுங்கில். இத்தனை நாள் சொல்லவில்லையே என்று அர்த்தம். காரணம் கேட்டு வற்புறுத்தவில்லை. “சரி. நீ சொல்றே, நான் சொல்றேன்னு எதுக்கு? பிள்ளைங்களே பார்த்துச் சொல்லட்டும்,” என்றார்.

திருப்பதி ஓரத்தில் இருந்த காது கேளாதோர் பள்ளி ஒன்றில் அனுமதி வாங்கினார்கள். மூன்றாம் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். கணக்கு ஆசிரியர் ஹேமநாத்துக்கு இருபத்தாறு வயது. அவருக்கும் காது கேட்காது; அதே பள்ளியில் படித்து வளர்ந்தவர். பிளெஸ்ஸி கையால் வணக்கம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. (அவர்கள் கையால் பேசிக்கொண்டதை நான் இங்கே சாதாரணப் பேச்சாகவே எழுதுகிறேன்.)

பாடம் ஓடியது. முதல் நிமிஷத்திலேயே வகுப்பு சிரிக்கத் தொடங்கிவிட்டது. கல்பனா என்ற ஒன்பது வயதுப் பெண் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். மின்னுவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். கார்ட்டூன் உருவங்களுக்குக் கட்டை விரலோடு சேர்த்து நாலு விரல்தான் வரைவது வழக்கம். வரைவது சுலபம், பார்க்கவும் அழகு. கல்பனா திரும்பி ஹேமநாத்திடம் கேட்டாள்.

“பாவம். ஆக்சிடென்டா?”

மின்னுவுக்கு நாலும் ஐந்தும் ஒன்றுதான். இரண்டுக்கும் கையை முழுக்க விரித்தது. ‘ஐந்து மாம்பழம், இன்னும் மூன்று மாம்பழம், மொத்தம் எத்தனை?’ என்ற கேள்விக்குப் பதினொரு பிள்ளைகள் ஏழு என்று எழுதினார்கள். ஹேமநாத் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பதினொரு தாளிலும் சரி என்று போட்டார்.

“பார்த்ததைச் சரியாத்தான் கூட்டியிருக்காங்க. தப்பு யார் பேர்ல?” என்று பிளெஸ்ஸியிடம் கேட்டார்.

பிளெஸ்ஸி அதை அப்படியே, கூட வந்திருந்த ஹரிபிரசாத்திடம் சொன்னாள். திரும்பி வந்ததும் அவர் ஆபீஸ் வாசலில் நின்று, “மின்னுவுக்கு இன்னொரு விரல் சேர்த்துடு,” என்றார்.

“விரல் சேர்த்தா கை வந்துடும் சார். மூஞ்சி? மின்னுவுக்குப் புருவமே இல்ல. புருவத்தைத் தூக்கினாத்தான் அது கேள்வி. இந்த அணிலு எப்பவும் சிரிச்சிக்கினே கீது. சிரிச்சிக்கினே ‘தப்பு’ன்னு சொன்னா எந்தப் பிள்ளை நம்பும்?”

“அப்போ என்ன செய்யணும்ங்கறே?”

“வேற ஆளு வரையணும். மனுச ஆளு.”

“மின்னு இல்லாம எங்க பாடமே இல்ல பிளெஸ்ஸி.”

“காது கேக்கற பிள்ளைங்களுக்கு மின்னு இருக்கட்டும் சார். இவங்களுக்கு நான் ஒரு ஆளு கொண்டாறேன்.”

அவளே எதிர்பார்க்காத ஒரு திடம் அவள் குரலில் இருந்தது. ஹரிபிரசாத் பத்து நாள் கொடுத்தார்.

பிளெஸ்ஸி ஒரு பெண்ணை வரைந்தாள். பூப் போடாத கரும்பச்சைச் சட்டை, அதன்மேல் கைகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. வளையல் இல்லை, மோதிரம் இல்லை. கைக்கு ஐந்து விரல். நல்ல அடர்த்தியான புருவம். உருவம் தயாரானதும், அதற்கு அசைவு கொடுக்க, உண்மையாகவே கையால் பேசுகிற ஒருவரைப் படம் பிடிக்க வேண்டியிருந்தது. ஹேமநாத் வர ஒத்துக்கொண்டார். நைனாவுக்கும் வீடியோ காலில் சொன்னாள்.

தனராஜுக்கு சித்தூர் அருகே ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை. டின் மூடி சரியாக அடைத்திருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். மெஷின் சத்தத்தில் அந்த ஹாலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. அதனால் கூட வேலை செய்பவர்கள் இருபது பேரும் அவரிடம் கையால் பேசக் கற்றுக்கொண்டிருந்தார்கள். வார விடுமுறையன்று, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறித் திருப்பதி வந்து சேர்ந்தார்.

கேமராவை வைத்ததுமே சண்டை ஆரம்பமாகிவிட்டது. ‘சமம்’ என்பதற்கு ஹேமநாத் பள்ளியில் சொல்லித்தரும் சைகையைக் காட்டினார். தனராஜ் தலையை ஆட்டினார்.

“அது புத்தகத்துச் சைகை. நாங்க இப்படித்தான் சொல்லுவோம்,” என்று இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தராசு நிற்பதுபோல நிறுத்தினார்.

“அது உங்க ஃபேக்டரிக்கு. பரீட்சை எழுதற பிள்ளைக்கு நாடு முழுக்க ஒரே சைகை வேணும் இல்ல?” என்றார் ஹேமநாத்.

“நாடு முழுக்கன்னா நான் இல்லையா அதுல?”

பிளெஸ்ஸி நடுவில் நின்று பழக்கப்பட்டவள். கை தானாக உயர்ந்தது. பிறகுதான் உறைத்தது, இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஆள் தேவையில்லை என்று. கையை இறக்கிக்கொண்டு கேமராவை மட்டும் பார்த்தாள். அரை மணி நேரம் வாதாடிவிட்டு அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். எண்ணுக்கும் கணக்குக்கும் ஹேமநாத்தின் கை. ஆனால் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் முகம் தனராஜினுடையது. அதை ஹேமநாத்தே கேட்டு வாங்கினார். அப்படியாக அந்தப் பெண்ணுக்கு ஓர் ஆசிரியரின் கையும் ஒரு ஃபேக்டரித் தொழிலாளியின் புருவமும் அமைந்தன.

இரண்டாவது முறை பள்ளிக்குப் போனபோது வகுப்பு சிரிக்கவில்லை. திரையில் அந்தப் பெண் புருவத்தை உயர்த்திக் கேட்டதும் பிள்ளைகள் பதில் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் அவளுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: ஆள்காட்டி விரலால் புருவத்தை ஒரு தட்டு. தமிழில் எழுதினால் ‘புருவ அக்கா’ என்றுதான் எழுத வேண்டும். ஹரிபிரசாத்துக்கே முகம் மலர்ந்துவிட்டது.

ஆனால் தேர்வுத் தாளில் வேறு செய்தி இருந்தது. அன்றைய பாடம் பின்னம். ஒரு தோசையை நாலு சம துண்டாக வெட்டி, அதில் மூன்று துண்டு என்றால் என்ன என்று அக்கா சொல்லிக்கொடுத்தாள். பதினான்கு பேரில் ஐந்து பேர்தான் சரியாக எழுதியிருந்தார்கள். போன வருஷம் வெறும் புத்தகத்தை வைத்து நடத்தியபோதும் ஏறக்குறைய அதே அளவுதான் என்றார் ஹேமநாத்.

“இவ்வளவு பாடுபட்டும் அதே கணக்கா?” என்றார் ஹரிபிரசாத். கோபம் இல்லை, களைப்புதான்.

அன்று மாலை பிளெஸ்ஸி ஷேர் ஆட்டோவில் ஹாஸ்டல் நிறுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டாள். நடந்து திரும்பும்போது ஒன்றே ஒன்று மனதில் ஓடியது. பிள்ளைகளுக்கு அக்காவைப் பிடித்திருக்கிறது. அக்கா பேசுவதும் புரிகிறது. அப்படியிருந்தும் பாடம் போய்ச் சேரவில்லை. அப்படியென்றால் தப்பு அக்காவிடம் இல்லை, அவளைச் சுற்றி எங்கேயோ இருக்கிறது.

மறுநாளே ஹேமநாத்திடம் மறுபடி அனுமதி கேட்டாள். இந்த முறை கேமராவைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளின் முகத்தைப் படம் பிடித்தாள். ஆபீஸுக்கு வந்து அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். பதினான்கு ஜோடிக் கண்களும் இடம் வலம், இடம் வலம் என்று அலைந்துகொண்டிருந்தன. தோசை வெட்டப்பட்ட அந்த ஒரு விநாடியில் எட்டுப் பிள்ளைகள் அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோசையைப் பார்த்த ஆறு பேருக்கு, அக்கா அப்போது சொன்ன ‘சம துண்டு’ தெரியவில்லை.

காது கேட்கிற பிள்ளை படத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சையும் கேட்கும். இந்தப் பிள்ளைகளுக்குப் பார்ப்பதும் கண், கேட்பதும் கண். அக்கா பேசும்போதே படமும் நகர்ந்தால் ஏதாவது ஒன்றை விட்டுவிடத்தான் வேண்டும்.

பிளெஸ்ஸிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. இது அவளுக்குத் தெரியாத விஷயமே இல்லை. அம்மா மீன் ஆயச் சொல்லிக்கொடுத்தபோது, கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவாள். பேசி முடித்து, மகள் பார்வை மீன் பக்கம் திரும்பும் வரை பொறுப்பாள். அப்புறம்தான் கத்தியை எடுப்பாள். அந்த வீட்டில் எதையும் செய்துகொண்டே சொன்னவர்கள் கிடையாது. பிறந்ததிலிருந்து பார்த்து வந்ததால் அது ஒரு அறிவு என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

அன்றே பாடத்தைப் பிரித்துப் போட்டாள். அக்கா, ‘நாலு சம துண்டு. பார்,’ என்கிறாள். கையைத் தொங்கவிட்டு, முகத்தைத் தோசை பக்கம் திருப்புகிறாள். அதற்குப் பிறகு அவளிடம் அசைவே கிடையாது, கண்கூட இமைக்காது. தோசை மெதுவாக வெட்டுப்படுகிறது. மேலும் இரண்டு விநாடி யாரும் எதுவும் செய்வதில்லை. அக்கா திரும்பிப் பிள்ளையைப் பார்க்கிறாள். புருவம் உயர்கிறது: ‘எத்தனை?’

நாலு நிமிஷப் பாடம் ஆறரை நிமிஷம் ஆயிற்று.

“ஒப்பந்தத்துல நாலு நிமிஷம்னு போட்டிருக்குது,” என்றார் ஹரிபிரசாத். “டிரஸ்ட்ல ஒத்துக்க மாட்டாங்க.”

“அது காதுக்கு வெச்ச அளவு சார். கண்ணுக்கு இவ்ளோ ஆவும். அவங்க கிட்ட நான் பேசறேன்.”

“நீயா?”

“நான்தான். இத நான் சொன்னாத்தான் சரியா இருக்கும்.”

டிரஸ்டிலிருந்த அதிகாரிக்கு அவளே போன் போட்டுத் தெலுங்கில் பேசினாள். விளக்கமெல்லாம் சொல்லவில்லை. வந்து வகுப்பில் ஒரு மணி நேரம் உட்காருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள் என்றாள். அந்த அம்மாள் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, திரையைப் பாதி நேரமும் பிள்ளைகளைப் பாதி நேரமும் பார்த்தார். அன்று ‘ஐந்தில் இரண்டு’. முந்தைய பாடத்தில் வராத புதுக் கணக்கு. பதினான்கு பேரில் பதினொரு பேர் சரியாக எழுதினார்கள். பதினைந்து நாள் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி கேட்டபோது பத்துப் பேருக்கு நினைவிருந்தது. பதினான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று பிளெஸ்ஸிக்குத் தெரியும். அந்த வகுப்புக்குச் சொல்லலாம். ஆறரை நிமிஷத்துக்கு அனுமதி கிடைத்தது.

இதில் யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஒரு மதியம் ஹரிபிரசாத் பழைய பாடங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளெஸ்ஸியைக் கூப்பிட்டார். திரையில் முக்கோணம் மூன்றாகப் பிரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மின்னு வாலைச் சுழற்றி ஒரு குட்டிக்கரணம் போட்டது.

“நானே அணிலத்தான் பார்க்கறேன். காது கேக்கற பிள்ளை மட்டும் முக்கோணத்தைப் பார்க்குமா?” என்றார்.

“பார்க்காது சார்.”

“எட்டு வருஷமா ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கல சார். அதுவும் இல்லாம, அது உங்க அணிலு.”

அவர் சிரித்துவிட்டார். அடுத்த ஒரு மாதம், வேறு யாரையும் தொடவிடாமல், நாற்பது பாடத்திலும் வாலாட்டத்தை அவரே குறைத்தார். இப்போது படம் நகரும்போது மின்னு அதன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சும்மா நிற்கும். எதைப் பார்க்க வேண்டுமோ அதைக் கையால் காட்டும். குதிப்பெல்லாம் பாடம் முடிந்த பிறகுதான்.

பிளெஸ்ஸி இன்று அந்த ஆபீஸில் சைகைப் பாடங்களின் பொறுப்பாளர். ஹேமநாத் பள்ளி முடிந்து வாரத்தில் மூன்று நாள் அங்கே வருகிறார். முதலில் பாடத்தின் முடிவில் அவர் பெயரை ‘உதவி’ என்று போட்டிருந்தார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிளெஸ்ஸியும் அவர் பக்கம்தான் நின்றாள். இப்போது இரண்டு பெயரும் ஒரே வரியில் வருகின்றன. சித்தூர் ஃபேக்டரியில் தனராஜ் தன் புருவத்தை ஃபோனில் எல்லாருக்கும் காட்டியாயிற்று. ‘எனக்கு இவ்வளவு அடர்த்தி கிடையாது’ என்பது மட்டும்தான் அவருடைய குறை. ஆபீஸில் இப்போது எல்லாருக்கும் அவரைத் தெரியும். யாராவது வந்து, பிளெஸ்ஸி, இதைக் கையால் எப்படிச் சொல்வது என்று கேட்டால் அவள் அலுத்துக்கொள்வதில்லை. அவளுக்குத் தெரிந்த வேலையை அவளிடம் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

போன ஜனவரியில், பிளெஸ்ஸி பள்ளிக்குப் போயிருந்தபோது, கல்பனா ஒரு புகாரோடு வந்தாள். அப்போது அவள் நாலாம் வகுப்பு.

“அக்காவுக்கு எல்லாம் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும்,” என்றார் ஹேமநாத்.

“அப்புறம் எதுக்கு எங்களைக் கேக்கறா? சும்மா கேக்கறாளா?”

ஹேமநாத்தும் பிளெஸ்ஸியும் அடுத்த பாடத்தில் அக்காவைத் தப்புச் செய்ய வைத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நாலில் ஒரு பங்கு பெரியதா? அக்கா கொஞ்சம் யோசித்து, நாலு மூன்றை விடப் பெரியது, அதனால் நாலில் ஒரு பங்குதான் பெரியது என்று முழு நம்பிக்கையோடு சொன்னாள்.

வகுப்பு முழுக்கக் கைகள் எழுந்தன. இல்லை, இல்லை என்று தலைகள் ஆடின. கல்பனா நாற்காலியை விட்டு எழுந்து திரைக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு தோசை, மூன்று பேர். அதே தோசை, நாலு பேர். யாருக்கு அதிகம் என்று அக்காவின் முகத்தைப் பார்த்து நிதானமாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் அக்கா தானே திருத்திக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். கல்பனாவின் கை காற்றிலேயே நின்றுவிட்டது. பின்னால் நின்றிருந்த பிளெஸ்ஸி நோட்டை எடுத்து எழுதினாள்: ‘தப்புக்குப் பிறகு அக்கா இன்னும் பத்து விநாடி பொறுக்கணும். பிள்ளைகள் சொல்லி முடிக்கட்டும்.’